திப்பிலியும் மிளகும்: மருந்துப் பெயர்களில் வாழும் மொழி



இம்மேடையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று நாம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பொருளையும், நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பொருளையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். ஒன்று மிளகு, மற்றொன்று அதன் உடன்பிறப்பாகிய திப்பிலி. மிளகை அறியாத தமிழ் இல்லம் இந்நாட்டில் இல்லை. திப்பிலியை அறிந்த இல்லங்களோ குறைந்துகொண்டே வருகின்றன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரண்டில் ஒன்று நம் நாவில் நிலைத்ததும் மற்றொன்று நம் நினைவிலிருந்து நழுவுவதும் ஏன் என்பது மொழியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுதல் முறை. நமது துறை மொழியியல், மருத்துவம் அன்று. எனவே, யாருக்கு எந்நோய்க்கு எவ்வளவு என்று வகுத்துரைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. மருத்துவ அறிவை ஒரு சமுதாயம் எங்கே சேமித்து வைக்கிறது என்பதே நமது கேள்வி. ஏட்டுச் சுவடிகளில் அது இருக்கிறது. மருத்துவர்களின் பயிற்சியில் இருக்கிறது. பொருள்களுக்கு இட்ட பெயர்களிலும் இருக்கிறது. பெயரை இழக்கும்போது அப்பெயரோடு கட்டிவைத்த அறிவையும் இழக்கிறோம் என்பதே இன்று நாம் எடுத்துரைக்க விழையும் கருத்து.

1. மூன்று கடுகம்

நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை மடக்குவதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். "சுக்குமி, ளகுதி, ப்பிலி என்றால் என்ன?" என்று கேட்பார்கள். பிள்ளைகள் விழிப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்று சொற்களைச் சேர்த்தெழுதி, பிரிக்கக்கூடாத இடத்தில் பிரித்ததே அந்தப் புதிர். ளகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. மெய்யெழுத்துத் தனித்துச் சொல்லைத் தொடங்காது. இவ்விரண்டு விதிகளையும் உணர்ந்த காது உடனே புதிரை அவிழ்த்துவிடும். மொழி முதலெழுத்துப் பற்றிய தொல்காப்பிய விதியை அடுப்படியில் கற்பித்த பாடம் அது. அதே மூச்சில் ஒரு மருந்துக் கூட்டின் பெயரும் பிள்ளையின் மனத்தில் பதிந்தது.

அக்கூட்டின் பெயர் திரிகடுகம். கடுகம் என்றால் காரமுடையது. மூன்று காரப் பொருள்களின் சேர்க்கை திரிகடுகம். மூன்றையும் தூய்மை செய்து, உலர்த்தி, பொடித்து, சம அளவில் சேர்த்தால் திரிகடுகுச் சூரணம் கிடைக்கும். பசியின்மை, செரியாமை, வயிற்றுப் பொருமல், சளி, இருமல் ஆகியவற்றிற்குச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் ஒருங்கே பரிந்துரைக்கும் அடிப்படைக் கூட்டு இது. தனித்து வழங்கப்படுவதைவிட வேறு மருந்துகளோடு துணையாகச் சேர்க்கப்படுவதே மிகுதி. பிற மருந்தின் பயனை உடல் ஏற்கும்படி செய்வது இதன் பணி என்று பழைய மருத்துவர் கருதினர்.

நம் முன்னோர் இக்கூட்டை எவ்வளவு நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இலக்கிய வரலாறு சான்று தருகிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று மருந்தின் பெயர் பெற்றவை. நல்லாதனார் இயற்றிய திரிகடுகம் ஒவ்வொரு பாட்டிலும் மும்மூன்று கருத்துகளைக் கூறும். காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐவகை வேர்களின் பெயரால் அமைந்தது. கணிமேதாவியாரின் ஏலாதி ஆறு பொருள்களைக் கொண்ட சூரணத்தின் பெயரைத் தாங்கியது. அந்த ஆறனுள்ளும் மிளகும் திப்பிலியும் சுக்கும் உண்டு. மருந்து உடற்பிணியைப் போக்குவதுபோல் இந்நூல்கள் உள்ளப் பிணியைப் போக்கும் என்பது பெயர்க்காரணம். படிப்பவருக்கு மருந்து தெரிந்திருந்தால்தான் இவ்வுவமை வேலை செய்யும். திப்பிலி எதுவென்று அறியாத மாணவனுக்கு இன்று திரிகடுகம் என்பது ஒரு நூற்பெயர், அவ்வளவே.

2. பெயர்கள் சொல்லும் செய்தி

சித்த மருத்துவக் குணபாட நூல்களில் ஒவ்வொரு மூலிகைக்கும் வேறு பெயர்களின் வரிசை தரப்பட்டிருக்கும். திப்பிலிக்கு உரிய பெயர்களுள் சில: மாகதி, வைதேகி, கணை, அம்பு, சரம், பாணம், கோழையறுக்கா, உலவைநாசி, ஆதிமருந்து. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை அடுக்குச் சொற்களாகத் தோன்றலாம். வகைப்படுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு செய்தியைத் தாங்கி நிற்பது புலப்படும்.

மாகதி, வைதேகி என்பன இடத்தால் பெற்ற பெயர்கள். மகதமும் விதேகமும் இன்றைய பீகாரைச் சார்ந்த பழைய நாடுகள். திப்பிலி வடகிழக்கு இந்தியப் பகுதிகளிலிருந்து வணிகப் பொருளாகப் பெருமளவில் வந்த வரலாற்றை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. கணை, அம்பு, சரம், பாணம் ஆகிய நான்கும் ஒரு பொருட்சொற்கள். சித்தர் நூல்களில் ஒரு மூலிகைக்கு ஒரு மறைபெயர் அமைந்துவிட்டால் அதன் பொருளைத் தரும் பிற சொற்களும் அம்மூலிகையைக் குறிக்கத் தொடங்கும். கோழையறுக்கா என்பது தொழிலால் பெற்ற பெயர். மார்பில் கட்டிய கோழையை அறுத்து வெளியேற்றுவது. உலவை என்றால் காற்று. உலவைநாசி வளிக் குற்றத்தால் வரும் துன்பங்களைத் தணிப்பது. இவ்வாறு இடம், மறைபொருள், பயன் ஆகியவை பெயர்களாகவே மனப்பாடமாகின. பாடப்புத்தகம் இல்லாத காலத்தில் பெயரே பாடம்.

மிளகின் பெயர்களும் அத்தகையனவே. கறி, மிரியல், கலினை, குறுமிளகு, மலையாளி, திரங்கல் என்பன அவற்றுள் சில. திரங்குதல் என்றால் உலர்ந்து சுருங்குதல். மிளகுக் கொடியின் முதிர்ந்த பச்சைக் காயைப் பறித்து வெயிலில் உலர்த்தும்போது தோல் கருத்துச் சுருங்குகிறது, அதுவே கருமிளகு. பழுத்ததை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கி உலர்த்தினால் வெண்மிளகு. திரங்கல் என்னும் ஒரு சொல்லுக்குள் ஒரு பதப்படுத்தும் முறையே அடங்கியிருக்கிறது.

திப்பிலியிலும் பகுதிக்கும் வகைக்கும் வெவ்வேறு பெயர்கள் உண்டு. நாம் திப்பிலி என்று வாங்குவது தனிக்காய் அன்று. நுண்ணிய காய்கள் பல நெருங்கிப் பதிந்த கதிர். முற்றிப் பழுக்குமுன் பறித்து உலர்த்துவர். அதனுள் சிறியது அரிசித்திப்பிலி எனப்படும். கொடியின் வேரையும் அடித்தண்டையும் துண்டுகளாக நறுக்கி உலர்த்தியது கண்டந்திப்பிலி. கண்டம் என்பதற்குத் துண்டு என்பது பொருள். உடல்வலிக்கும் அசதிக்கும் கண்டந்திப்பிலி இரசம் வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆனைத்திப்பிலி என்பதோ திப்பிலிக் குடும்பத்தையே சேர்ந்ததன்று. சேம்பின் இனத்தைச் சார்ந்த ஒரு படர்கொடியின் காய். பெயரில் திப்பிலி இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கொண்டுவிட முடியாது.

3. மருந்தாகும் முறை

திப்பிலியைப் பற்றிய நுட்பமான செய்தி ஒன்றைச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் ஒன்றுபோல் சொல்கின்றன. பச்சைத் திப்பிலியின் குணம் வேறு. உலர்ந்த திப்பிலியின் குணம் வேறு. பச்சையாக இருக்கும்போது அது கோழையை மிகுவிக்கும். உலர்ந்தபின் கோழையைத் தணிக்கும். ஆகவே திப்பிலி என்று மருந்து நூல் சொல்லுமிடத்தில் உலர்ந்ததையே கொள்ளவேண்டும்.

உலர்ந்த திப்பிலியையும் அப்படியே பயன்படுத்துவதில்லை. சுத்தி என்னும் தூய்மை முறை உண்டு. திப்பிலியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உலர்த்துவர். மிளகைப் புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்துவர். சுக்கின் மேல்தோலை நீக்குவர். சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு என்பது இன்றும் வழங்கும் சொலவடை. எதை நீக்குவது என்பதையும் மொழி ஒரு வரியில் கட்டித் தந்திருக்கிறது.

வீட்டு மருத்துவத்தில் திப்பிலியின் முதன்மையான இடம் இருமலும் சளியும். இளவறுப்பாக வறுத்துப் பொடித்த திப்பிலியைத் தேனில் குழைத்துக் கொடுப்பர். வெற்றிலைச் சாற்றோடு சேர்ப்பதும் உண்டு. வெற்றிலையும் மிளகின் குடும்பத்துக் கொடியே என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம். மகப்பேற்றிற்குப்பின் தாய்க்குக் கொடுக்கும் இலேகியத்தில் திப்பிலிக்கு இடமுண்டு. தாளிசாதிச் சூரணம் போன்ற புகழ்பெற்ற மருந்துகளிலும் அது சேர்கிறது. திப்பிலி, அதன் வேர், செவ்வியம், சித்திரமூலம், சுக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்தது பஞ்சகோலம். செரிமானக் கோளாறுகளுக்கு உரியது.

மிளகின் இடம் இதனினும் அகன்றது. சளிக்கு மஞ்சளும் மிளகும் இட்ட பால், காய்ச்சலுக்குப்பின் வாய்க்கசப்பு நீங்க மிளகு இரசம், தொண்டைக்கட்டுக்கு மிளகுக் கசாயம் என்று அது அன்றாட உணவாகவே மருந்தாகிறது. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்னும் பழமொழி, மிளகு நச்சை முறிக்கும் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு. பழமொழி நம்பிக்கையைக் காட்டும், சிகிச்சையாகாது. நச்சுக்கடிக்கு ஆளானவரை மிளகைக் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை.

4. அளவும் எல்லையும்

மரபு மருத்துவம் என்றால் பக்கவிளைவு இல்லாதது என்று நம்மிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. புலனத்தில் நாள்தோறும் வரும் குறிப்புகள் அந்த எண்ணத்தை வளர்க்கின்றன. மரபு நூல்கள் அவ்வாறு சொல்லவில்லை.

சரக சங்கிதை மூன்று பொருள்களை நெடுநாள் அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தலாகாது என்று எச்சரிக்கிறது. அவை திப்பிலி, காரம் எனப்படும் சாம்பலுப்பு வகை, உப்பு. இதே நூல்தான் திப்பிலியை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் வழங்கும் ஒரு காயகற்ப முறையையும் கூறுகிறது. முதல் நாள் 10 திப்பிலி. நாளொன்றுக்குப் பத்தாகக் கூட்டிப் பத்தாம் நாள் 100. பின்னர் அவ்வாறே குறைத்து 10இல் நிறுத்துவது. கூட்டிப் பார்த்தால் சரியாக 1000 வரும். இது வலிமையுடையவர்க்கு, பத்தியத்தோடு, மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதற்கு உரியது. விதியையும் விலக்கையும் ஒரே நூல் சொல்லியிருக்க, விதியை மட்டும் எடுத்துப் பரப்புவது மரபைப் போற்றுவது ஆகாது.

இக்கால அறிவியல் இவ்வெச்சரிக்கையை வேறு வழியில் விளக்குகிறது. 1819ஆம் ஆண்டில் டென்மார்க்கு அறிவியலாளர் எர்ஸ்டெட் மிளகிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவரும் அவரே. அவர் பிரித்த பொருள் பைப்பரின். மிளகிற்கும் திப்பிலிக்கும் உரிய காரத்தின் முதன்மையான காரணம். குடற்சுவரிலும் கல்லீரலிலும் அயற்பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பைப்பரின் அவற்றுள் சிலவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. விளைவாக, உடன் உட்கொண்ட மருந்து சிதையாமல் கூடுதலாக இரத்தத்தில் சேர்கிறது. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமின் 2 கிராமோடு பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த குர்குமினின் அளவு 20 மடங்கு உயர்ந்தது. இந்தியாவில் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தைப் பைப்பரினோடு சேர்த்துக் குறைந்த அளவில் வழங்கும் கூட்டு மாத்திரை 2009இல் வந்தது. சம்முவிலிருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிய திரிகடுக ஆய்வுகள் இதற்கு வித்திட்டன. பிற மருந்தின் பயனை உடல் ஏற்கச் செய்வது திரிகடுகம் என்று பழையோர் கருதியதை இங்கே ஒப்புநோக்கலாம்.

ஆனால் இதே ஆற்றல்தான் இடரும் ஆகும். வலிப்புக்கான ஃபினைட்டாயின், இரத்த அழுத்தத்திற்கான புரோபிரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவைப் பைப்பரின் உயர்த்துவதாக மனிதரிடத்தில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் உட்கொள்ளும் முதியவர் அதே மூச்சிரைப்புக்குத் திப்பிலிச் சூரணத்தையும் நாள்தோறும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இரசத்தில் இடும் மிளகைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சூரணமாகவும் மாத்திரையாகவும் தொடர்ந்து உட்கொள்வோர் தம் மருத்துவரிடம் அதனைச் சொல்லவேண்டும். சொல்வதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். "ஏதோ நாட்டு மருந்துப் பொடி" என்றால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. "திப்பிலி" என்றால் அவர் தேடிப் பார்த்துக்கொள்வார்.

5. கடல் கடந்த பெயர்கள்

திப்பிலி என்னும் தமிழ்ச் சொல்லும் பிப்பலி என்னும் வடசொல்லும் உறவுடையவை என்பதில் சொல்லாய்வாளர்க்கு ஐயமில்லை. பிப்பலி மேற்கே சென்று கிரேக்கத்தில் பெப்பெரி ஆயிற்று. இலத்தீனில் பைப்பர் ஆயிற்று. ஆங்கிலத்தில் பெப்பர் ஆயிற்று. திப்பிலிக்கு உரிய பெயர் மேலைநாட்டில் மிளகுக்கு உரியதாகிவிட்டது. இன்று உலகம் மிளகைக் குறிக்க வழங்கும் சொல் உண்மையில் திப்பிலியின் பெயர்.

அக்காலத்தில் திப்பிலி மிளகினும் விலை மிக்கது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம் நாட்டுப் பிளினி, ஒரு பவுண்டு திப்பிலிக்கு 15 தினாரியும், வெண்மிளகிற்கு 7 தினாரியும், கருமிளகிற்கு 4 தினாரியும் விலை என்று குறிக்கிறார். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூலும் கருமிளகைச் சேரநாட்டு முசிறியோடும், திப்பிலியைக் குசராத்துக் கடற்கரையின் பாரிகாசாத் துறைமுகத்தோடும் தொடர்புபடுத்துகிறது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறு சொல்கிறது. அங்கே மிளகிற்கு வழங்கும் சொல் கறி. அக்கறியே பின்னர் மிளகிட்டுச் சமைத்த உணவிற்கும், அதன்பின் காய்க்கும் இறைச்சிக்கும் பெயராகி, இன்று மலாய் மொழியில் காரி என்றும் உலகெங்கும் கறி என்றும் வழங்குகிறது.

இனி நாம் வாழும் இந்நிலத்திற்கு வருவோம். திப்பிலிக்கு இத்தீவுக்கூட்டத்தில் ஓர் உறவுக் கொடி உண்டு. அதன் கதிர் சற்றுப் பெரியது. சாவகமே அதன் சிறப்பான விளைநிலம். மலாய், இந்தோனேசிய மொழிகளில் அது சாபை ஜாவா, சாபே ஜாவா எனப்படும். சாமு எனும் மரபு மருந்துக் குடிநீர் வகைகளுள் சாபே புயாங் என்பது இதனையும் இலெம்புயாங் என்னும் இஞ்சி இனக் கிழங்கையும் சேர்த்துச் செய்வது. உடல் அசதிக்கு அருந்துவர். இச்சாமு மரபு 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சாபை என்பதன் பழைய வடிவம் சாவகத்தின் பழைய மொழியில் சாபியா. அதன் உறவுச்சொல் வடமொழியின் சவ்யம், தமிழின் செவ்வியம்.

சீன மருந்துக்கடைகளிலும் திப்பிலி உண்டு. மாண்டரின் ஒலிப்பில் அதன் பெயர் பிபோ. பிப்பலி என்பதன் ஒலிபெயர்ப்பே அது. சீனர் அதனைக் குளிர்ச்சியால் வரும் வயிற்றுவலிக்குத் தருவர். மிளகிலேயே காம்புடன் கூடிய இன்னொரு வகையை நாம் வால்மிளகு என்கிறோம். மலாய்க்காரர் லாடா பெரெக்கோர் என்கின்றனர். வாலுடைய மிளகு என்பதே அதற்கும் பொருள். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரப் படையெடுப்பில் வென்ற ஊர்களுள் ஒன்றாகத் தலைத்தக்கோலம் வருகிறது. தக்கோலம் நம் மருந்து நூல்களில் ஒரு நறுமணப் பொருளின் பெயர். ஊரும் சரக்கும் ஒரே பெயரைச் சுமக்கும் அளவிற்கு இக்கடற்பகுதி மருந்து வாணிகத்தோடு பிணைந்திருந்தது.

ஆக, இந்நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய மூவினத்தாரின் மருந்துப் பெட்டிகளிலும் ஒரே குடும்பத்துக் கதிர் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் இம்மூன்று மரபுகளையும் பிற சிலவற்றோடு ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்துள்ளது. மருத்துவமுறைகள் அடுத்தடுத்து அமரும்போது அவற்றின் பெயர்களும் ஒன்றோடொன்று முகம்பார்த்தாக வேண்டும்.

6. பெயர் இடம் மாறினால்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஒரு புதிய காரக் காய் ஆசியாவிற்கு வந்தது. தமிழர் அதனை மிளகுபோல் காரமுடைய காய் என்ற பொருளில் மிளகாய் என்றனர். ஆங்கிலேயர் அதற்கும் பெப்பர் என்ற பெயரையே இட்டனர். சாவகத்தில் திப்பிலிக் குடும்பத்திற்கு உரிய சாபை என்னும் பெயரை அது எடுத்துக்கொண்டது. மலாய் மொழியின் சில வட்டார வழக்குகளில் மிளகிற்குரிய லாடா என்னும் சொல்லே மிளகாயையும் குறிக்கிறது. நான்கு மொழிகளும் புதியதற்குப் பழையதன் பெயரைச் சூட்டின.

இதன் விளைவைக் கவனியுங்கள். புதியது பெயரைப் பெற்றதும் பழையதற்கு அடைமொழி தேவைப்பட்டது. சாபை என்றாலே மிளகாய் ஆனபின், உண்மையான சாபை தன்னைச் சாபை ஜாவா என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. குமரிப் பகுதியில் மிளகை நல்லமிளகு என்பர். நல்லது என்று தனித்துச் சொல்லும் தேவை மற்றொன்று வந்தபின்தானே எழும்?

மிளகாய் மலிவானது, எங்கும் எளிதில் விளைவது. அது சமையலறையில் காரத்தின் இடத்தைக் கைப்பற்றியது. மிளகு இரசத்திலும் பொங்கலிலும் ஊன்றி நின்றது. திப்பிலிக்கோ அன்றாடச் சமையலில் இடமில்லாமற் போயிற்று. மருந்துப் பெட்டிக்குள் மட்டும் ஒதுங்கியது. சொற்கள் நாள்தோறும் புழங்கும் பள்ளிக்கூடம் அடுக்களை. அங்கிருந்து வெளியேறிய சொல், நோய் வந்தபோது மட்டும் நினைக்கப்படுகிறது. அந்நோய்க்குக் கடையில் புட்டி மருந்து கிடைக்கத் தொடங்கியதும் அந்த நினைவும் தேவையற்றதாகிறது. மிளகு வாழ்வதும் திப்பிலி மறைவதும் இதனால்தான்.

மறைந்த பெயரின் இடத்தில் குழப்பம் குடியேறும். செவ்வியம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆயுர்வேத வழக்கில் அது திப்பிலியின் உறவுக் கொடி ஒன்றைக் குறிக்கும். சித்த மருத்துவத்தில் மிளகுக்கொடியின் வேரைக் குறிக்கும் வழக்கு உண்டு. ஒரு நூலைப் படித்து மறு மரபின் கடையில் வாங்கினால் வேறு பொருள் கைக்கு வரும். ஆங்கிலக் குறிப்பில் பெப்பர் என்று கண்டவுடன் மிளகு என்று மொழிபெயர்த்துவிடுவது இன்னொரு பிழை. அச்சொல் மிளகாகலாம், மிளகாயாகலாம், குடைமிளகாயாகலாம், முன்னே நீளத்தைக் குறிக்கும் அடைமொழி வந்தால் திப்பிலியாகவும் ஆகலாம். அதனை நீள மிளகு என்றும் நீள மிளகாய் என்றும் பெயர்த்தால், பல நூற்றாண்டுகளாக நம்மிடம் இருந்த சொல்லை நாமே அடையாளம் காணாமல் போகிறோம். கதைநூலில் இத்தகைய பிழை நேர்ந்தால் நகைப்போடு முடியும். மருந்தில் நேர்ந்தால் நோயாளி துன்புறுவார்.

7. நாம் செய்யத்தக்கவை

பெயர்களைக் காப்பதற்கு நாம் செய்யக்கூடியவை எளியவை. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, இல்லத்தில் மருந்து கொடுக்கும்போது பெயரைச் சொல்லிக் கொடுப்பது. "இதைக் குடி" என்பதற்குப் பதிலாக "இது திப்பிலி, இருமலுக்கு" என்று சொன்னால் பிள்ளைக்கு ஒரு சொல்லும் ஒரு பயனும் சேர்ந்தே கிடைக்கும்.

இரண்டாவது, திரிகடுகம் பற்றிப் பேசும் தமிழ் வகுப்பில் சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் மேசைமேல் வைத்துக் காட்டுவது. மூன்றும் சேர்ந்தாலும் அதற்குச் சில வெள்ளிக்குமேல் ஆகாது. முகர்ந்தும் தொட்டும் அறிந்த சொல் எளிதில் மறவாது.

மூன்றாவது, மருந்துப் பொருள்களுக்கு ஒரு பன்மொழிப் பெயர்ப்பட்டியல். தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், சீனப்பெயர், ஆங்கிலப்பெயர், தாவரவியற் பெயர் ஆகியவற்றோடு எந்தப் பகுதி, பச்சையா உலர்ந்ததா, வேறு எதனோடு மயங்கக்கூடும் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். மொழியறிஞரும் மரபு மருத்துவரும் மருந்தாளுநரும் தாவரவியலாரும் ஒன்றாக அமர்ந்தால்தான் அது நிறைவேறும். மொழி மன்றங்கள் இதற்கு வாயில் திறக்கலாம்.

நான்காவது, தோட்டப்புறங்களில் வாழ்ந்து மருத்துவம் பார்த்த மூதாட்டியரும் முதியோரும் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் வழங்கும் பெயர்களை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே, பொருளின் மாதிரியோடு சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். பெயரை மட்டும் எழுதிவைத்து, அது எதைக் குறித்தது என்று தெரியாமற்போன சொற்கள் பழைய சுவடிகளில் ஏராளம். நாமும் அப்படிப்பட்ட பட்டியலை விட்டுச் செல்லக்கூடாது.

மருத்துவம் என்பது மருத்துவருடைய துறை. அதில் மொழிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மருந்தை அடையாளம் காட்டுவது பெயர். அதன் பகுதியையும் பதத்தையும் அளவையும் எல்லையையும் நினைவில் நிறுத்துவது பெயரோடு சேர்ந்து வரும் வழக்கு. பெயர் பிழையாகுமிடத்தில் மருந்தும் பிழையாகும். அந்தப் பிழை நேராமல் காப்பது மொழியைக் கற்றவர்களுக்கும் உரிய கடமையே.